ஏழாவது டியூப்

சுகிர்தபாயின் இடது கை எப்போதும் ரவிக்கையின் இடப்பக்கத்தில்தான் இருக்கும். ரயிலில் உட்கார்ந்தாலும் அங்கே, பஸ்ஸுக்கு நின்றாலும் அங்கே, சபையில் எழுந்து நின்று பாட்டுப் பாடும்போதும் அங்கே. "நெஞ்சு வலியாக்கும், ஈசிஜி எடுத்துப் பாரு" என்று பாறசாலை ஸ்டேஷனில் பூ விற்கிறவள் வரைக்கும் சொல்லியாயிற்று. நானே ஒருமுறை வற்புறுத்தி எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எடுக்க வைத்தேன். கோடுகளெல்லாம் ஒழுங்காக இருந்தன.

அந்தக் கைக்குக் காரணம் எனக்குத் தெரிய வந்தது தொண்ணூற்றொன்பதில். காரணத்தில் பாதி நான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் பெயர் வேலாயுதன். நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து ஊர். திருவனந்தபுரத்தில், பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியம் செய்யும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை. டாக்டரம்மா தியேட்டரில் ஸ்கேனைப் பார்த்தபடி, நீண்ட ஊசியை உள்ளே செலுத்தி, பெண்ணின் சினைப்பையில் வளர்ந்திருக்கும் சின்னச் சின்ன நீர்ப்பைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சுவார். அந்த நீர் டியூபில் வரும். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, முட்டை இருந்தால் "உண்டு" என்றும் இல்லாவிட்டால் "இல்ல" என்றும் தியேட்டருக்குக் கேட்கும்படி கத்துவது என் வேலை. படித்து வாங்கிய பட்டத்துக்கு இந்த இரண்டு சொல்தான் சம்பளம் தந்தது.

தியேட்டருக்கும் லேபுக்கும் நடுவே பதினோரு எட்டு. அந்தப் பதினோரு எட்டும் சுகிர்தக்காவுடையது. எங்கள் எல்லோருக்கும் அவர் சுகிர்தக்காதான். பாறசாலைக்கு உள்ளே ஒரு கிராமம், பழைய மிஷன் சபைக் குடும்பம். கணவர் ஜெயதாஸ் இறந்து, மகள் ஜிஜியைக் கட்டிக்கொடுத்து, தனியாக இருந்து தினமும் ரயிலில் வந்துபோனார். அட்டெண்டர் வேலைதான். ஆனால் டாக்டரம்மாவுக்கு அவர் இல்லாத நாளில் ஊசி பிடிக்கக் கை வராது.

முட்டைக்கு உடம்புச் சூடு குறையக்கூடாது. அதற்காகத் தியேட்டரில் கரண்டில் சூடாகும், குழி குழியாக ஓட்டை போட்ட ஒரு உலோகக் கட்டை உண்டு. டியூபுகள் அதில் நிற்கும். சுகிர்தக்கா அதிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வருவார். ஜெனரேட்டர் தியேட்டர் விளக்குக்கும் ஸ்கேனுக்கும் என் இன்குபேட்டருக்கும் மட்டும். கரண்டு போனால் கட்டை ஆறிவிடும். அப்போதெல்லாம் நிறையும் டியூபை மூடி, ரவிக்கைக்குள் இடப்பக்கம் செருகிக்கொள்வார். அதைச் சொல்லிக்கொடுத்தது யாருமில்லை, அவரே கண்டுபிடித்தது. டாக்டரம்மா முதலில் முகம் சுளித்தார், பிறகு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். அந்த வருடங்களில் கேரளாவில் கரண்டு போவது பல் தேய்ப்பதைப் போல அன்றாடக் காரியம். எத்தனையோ பிள்ளைகள் முதலில் சூடு கண்டது சுகிர்தக்காவின் ரவிக்கைக்குள்தான்.

இன்னொரு வித்தையும் அவரிடம் இருந்தது. முட்டை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைச் சுற்றி ஒரு வழவழப்பு இருக்கும், சளித் துணுக்கு போல. டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ரத்தம் கலந்த நீருக்குள் அது ஒரு நூலாக மின்னும். பழகாத கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சுகிர்தக்காவுக்குத் தெரியும். "சாரே, இதில ஒண்ணு உண்டு கேட்டியளா" என்று சொல்லிக்கொண்டே வருவார். நான் குனிந்து பார்ப்பேன், இருக்கும். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு முட்டை கிடைக்கும் பெண்களிடம் வேலை சுலபம். எவ்வளவு ஊசி போட்டாலும் ஒன்றோ இரண்டோ பை மட்டும் வளரும் பெண்கள் சிலர் உண்டு. அவர்களிடம் டாக்டரம்மா ஒரு துளியையும் விட மாட்டார். பையை உறிஞ்சியதும் ஊசியை வெளியே எடுக்காமல், அதன் வழியாகவே இளஞ்சூடான திரவத்தைச் செலுத்தி, பையை மறுபடி நிரப்பி, அலசி, மறுபடி உறிஞ்சுவார். பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பருக்கையைத் தண்ணீர் விட்டு அலசி எடுக்கிறோமே, அப்படி. ஒவ்வொரு அலசலுக்கும் ஒரு டியூப். முட்டை சில சமயம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது, ஆறாவது அலசலில்தான் வரும்.

ஷைலஜா அப்படிப்பட்ட பெண். பனச்சமூட்டுக்காரி, வயது முப்பத்துநாலு. கணவன் சஜன் வெள்ளறடை வழியில் ஜீப் ஓட்டினான். இரண்டு முறை ஊசியெல்லாம் போட்டும் ஒரு பை கூட வளரவில்லை, திருப்பி அனுப்பிவிட்டோம். தொண்ணூற்றாறு மார்ச்சில், மூன்றாவது முறை, இரண்டு பை தெரிந்தது. "இதுதான் கடைசி, இதற்குமேல் உன் உடம்பை நான் தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஊர்ப்பேச்சு ஒன்றாக இருந்ததால் ஷைலஜா முதல் நாளே சுகிர்தக்காவிடம் ஒட்டிக்கொண்டாள். தியேட்டருக்குள் போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ கொண்டு போனா மதி, அது போதும். வேற ஆரும் தொடண்டாம்" என்றாளாம்.

காலை பத்தரை. வலப்பக்கப் பையில் முதல் டியூப், இல்லை. அலசினார்கள், இல்லை. மூன்றாவதும் இல்லை. இடப்பக்கம் போனார்கள். நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றுக்கும் நான் "இல்ல" என்று கத்தினேன். ஆறாவதைக் கத்தும்போது என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. அப்போது கரண்டு போயிற்று.

தியேட்டரில் நடந்ததை அன்றைக்கு நான் பார்க்கவில்லை. டாக்டரம்மா மறுபடி அலசி உறிஞ்சி, ஏழாவது டியூபை நீட்டியிருக்கிறார். சுகிர்தக்கா மூடியைப் போட்டு ரவிக்கைக்குள் செருகியிருக்கிறார். அந்த நொடியில் மயக்கத்தில் கிடந்த ஷைலஜா வாந்தி எடுத்துவிட்டாள். மயக்க மருந்தில் கிடப்பவள் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், ஆளே போய்விடும். எல்லோரும் அவள் தலையைத் திருப்பவும் தொண்டையை உறிஞ்சவும் ஓடினார்கள். பிரஷர் இறங்கியது. அரை மணி நேரம் சுகிர்தக்கா அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

எல்லாம் அடங்கியபின் டாக்டரம்மா லேபுக்கு வந்து, "வேலாயுதா, ஒண்ணும் இல்லையா?" என்றார். "இல்ல மேடம்" என்றேன். புத்தகத்தில் "டியூப் ஆறு, முட்டை இல்லை" என்று எழுதினேன். எத்தனை டியூப் அனுப்பினீர்கள் என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலையிலேயே சஜனிடமிருந்து வாங்கிக் கழுவி வைத்திருந்த விந்தையும் கொட்டிவிட்டு, டீ குடிக்கப் போனேன். இதை எழுதும்போதும் அந்த டீயை நினைத்தால் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

மத்தியானம் டாக்டரம்மா ஷைலஜாவின் கட்டிலருகே உட்கார்ந்து, "உள்ளே ஒண்ணும் இல்ல மோளே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஷைலஜா தலையை ஆட்டினாள்.

மாலை வண்டியில் சுகிர்தக்கா அவர்களோடு போனார். ஷைலஜாவைப் பிடித்து ஏற்றி, ஜன்னலோரம் தான் உட்கார்ந்து, அவளைத் தன் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டார். சஜன் வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நேமம் தாண்டியதும் ஷைலஜா தூங்கிவிட்டாள். தலை மெல்லச் சரிந்து தோளிலிருந்து மார்புக்கு வந்தது. அப்போது ஏதோ கட்டியாக அழுத்தியது. சுகிர்தக்கா அதைத் தன் சின்னப் பர்ஸ் என்று நினைத்தார். பர்ஸையும் அங்கேதான் செருகுவார், அன்றைக்கு முழுவதும் அதை எடுக்க வேலை வரவில்லை. தலை இன்னும் கொஞ்சம் அழுந்தியபோது ரவிக்கைக்குள் கண்ணாடியில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது.

பாலராமபுரத்தில் வண்டி நின்றது. கையை உள்ளே விட்டு எடுத்தார். ஏழாவது டியூப்.

அவர் பார்க்காமல் இருந்திருக்கலாம். அப்படியே ஜன்னல் வழியே எறிந்திருக்கலாம், எதுவும் தெரியாமல் போயிருக்கும். ஆனால் கை பழகிய கை. மேற்கிலிருந்து வெயில் நேராக ஜன்னலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. டியூபைத் தூக்கி வெயிலில் பிடித்தார்.

நூல் மின்னியது.

எங்கள் லேபில் காலையில் எடுத்த முட்டையோடு ஆணின் விந்தைச் சேர்ப்பது சாயங்காலம் மூன்று, நாலு மணிக்குத்தான். அதுவரை அது சூட்டில் காத்திருக்கும். சுகிர்தக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். மணி ஆறு ஆகியிருக்கவில்லை. டியூப் உடம்புச் சூட்டில்தான் இருந்தது. முட்டை இருந்தது, முட்டைக்காரி மார்பில் சாய்ந்து கிடந்தாள், புருஷன் வாசலில் நின்றான். ஒரு பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தது. இறங்கி எதிர்வண்டியைப் பிடித்திருந்தால், டாக்டரம்மாவை வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தால், ஒருவேளை. ஒருவேளை என்றுதான் என்னாலும் சொல்ல முடிகிறது.

"வாயத் தொறக்கணும்ணு நெனச்சேன் சாரே. பேடி, அத்தனை பயம். வேலை போவும், போலீசு வரும், அவன் என்னைக் கொல்லுவான். அவ தலையை எழுப்பணும், எழுப்பினா சொல்லணும். நான் எழுப்பல்ல." இதைச் சொல்லும்போது சுகிர்தக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டி புறப்பட்டது. டியூபைத் திரும்ப ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வைத்தால் ஆறிவிடும்.

மூன்று நாள் வைத்திருந்தார். குளிக்கும்போது மட்டும் வெந்நீர்ச் செம்பில் போட்டு வைத்தாராம். செத்துப்போயிருக்கும் என்று தெரியும். தெரிந்தும், எடுத்தால் தான் கொன்றதாகிவிடும் என்று தோன்றியதாம். நான்காம் நாள் சபைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், ஜெயதாஸின் கல்லறையில் காலடிப் பக்கம் ஒரு கரண்டியால் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து ரவிக்கைக்குள் டியூப் இருந்த இடம் சுடுகிறது. மழை நாளிலும் அந்த ஒரு விரற்கடை இடம் மட்டும் சுடும். அது ஆறிவிட்டதா என்று பார்க்கத்தான் கை அங்கே போகும்.

ஷைலஜா போய்த்தொலைந்திருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை. அவள் விடவில்லை. தன் கஷ்டத்தில் கூட நின்ற ஒரே ஆள் என்று சுகிர்தக்காவையே பிடித்துக்கொண்டாள். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறி அவர் வீட்டுக்கு வருவாள். சக்கைப்பழம், நல்லமிளகு, தோட்டத்துக் காய் என்று கை நிறையக் கொண்டுவருவாள். வந்ததும் அழுவாள். அழுகிறவளுக்கு ஒரு தோள் வேண்டும். அவள் சாய்வது இடப்பக்கம்தான், பழகிவிட்டது. மூன்று வருடம் சுகிர்தக்கா அந்தத் தலையை அதே இடத்தில் தாங்கினார். வேலைக்கு வந்து டியூபுகளையும் தூக்கினார். ஆனால் கரண்டு போனால் ரவிக்கைக்குள் வைப்பதை நிறுத்திவிட்டார். டாக்டரம்மா ஏன் என்று கேட்டதற்கு, "வயசாச்சு மேடம், சூடு குறஞ்சு போச்சு" என்றார். நாங்கள் சிரித்தோம்.

தொண்ணூற்றொன்பதில், ஒரு சனிக்கிழமை. இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். சஜனின் தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடிந்து ஒரு வாரம். ஷைலஜா பிள்ளையைத் தூக்கக் கை நீட்டியபோது சஜனின் அம்மா நடுவில் வந்து வாங்கிக்கொண்டாளாம், காலி வயிற்றுக்காரி கையில் வேண்டாம் என்று. ஷைலஜா அழாமல்தான் இதைச் சொன்னாள். அது சுகிர்தக்காவுக்கு அழுகையைவிடப் பயமாக இருந்தது.

"அக்கா, ஒரு காரியம் கேக்கட்டா?"

"கேளு மக்கா."

"அண்ணைக்கு நீயாக்கும் எல்லாத்தையும் கொண்டு போனது. சத்தியமா சொல்லு. ஒண்ணு கூடயா இல்லாம இருந்துது? எனக்குப் பிள்ளை வேண்டாம், அது போவட்டு. ஒண்ணு உண்டாயிருந்துதுண்ணு ஆராவது சொன்னா மதி. உள்ள ஒண்ணும் இல்லண்ணு டாக்டர் பறஞ்சாளில்லியா, அது எனக்க காதில நின்னோண்டே இருக்கு. நான் பொம்பளதானாண்ணு எனக்கே சந்தேகமா இருக்கு அக்கா."

மூன்று வருடம் சுகிர்தக்கா தன் வேலையை நினைத்தும், போலீஸை நினைத்தும், இவள் தன்னை வெறுப்பாள் என்று நினைத்தும் வாயை மூடிக்கொண்டிருந்தார். தான் மறைத்தது ஒரு பிள்ளையை மட்டும்தான் என்று நினைத்திருந்தார். இவள் கேட்பது வேறு ஒன்று, அதுவும் தன்னிடம்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"உண்டு மக்கா" என்றார். "ஒண்ணு உண்டாயிருந்துது. நான் கண்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். வாந்தி, பர்ஸ், பாலராமபுரம், வெயில், ஜெயதாஸின் காலடி. ஷைலஜா கத்தியைக் கீழே வைக்கவில்லை. கிழங்கையும் விடவில்லை. கேட்டு முடித்ததும், "எங்க வச்சிருந்த?" என்றாள். சுகிர்தக்கா கையை வைத்துக் காட்டினார்.

"சூடா இருந்துதா?"

"இருந்துது. மூணு நாளும்."

ஷைலஜா எழுந்து கையைக் கழுவினாள். பையை எடுத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"வண்டியில எனக்க தலை அதுக்க மேலயா இருந்துது?"

"ஆமா மக்கா."

ஷைலஜா இறங்கி நடந்தாள். அவள் குடையை மறந்துபோனதைப் பார்த்து சுகிர்தக்கா பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் பின்னால் ஓடினார். அவள் குடையை வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மூன்றாவது வாரம், ஞாயிறு ஆராதனையில், சுகிர்தக்கா பெண்கள் பக்கம் தன் வழக்கமான இடத்தில் இருந்தார். காணிக்கை வாசிக்கும் நேரம். அவர்கள் சபையில் அது ஒரு முறை: பிறந்தநாள், கல்யாணநாள், பரீட்சை, இறந்தவர் நினைவு என்று காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் காரணத்தையும் செயலாளர் எழுந்து நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். அன்றைக்கும் வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி பார்த்தார்.

"பனச்சமூடு, ஷைலஜா சஜன். நினைவுக் காணிக்கை" என்றவர் தலையை நிமிர்த்தி, "இதில ஆருக்க நினைவுண்ணு பேரு எழுதல்லியே" என்றார்.

பின்வரிசையில் ஷைலஜா எழுந்தாள். அவள் வந்திருந்ததே சுகிர்தக்காவுக்கு அப்போதுதான் தெரியும்.

"பேரு இடல்ல. எனக்க பிள்ளைண்ணு வாசியுங்க."

செயலாளர் போதகரைப் பார்த்தார். போதகர் தலையசைத்தார். "ஷைலஜா சஜன், தம்முடைய பிள்ளையின் நினைவாக" என்று அவர் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உட்காரவில்லை, எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை நின்றாள்.

ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு நேராகப் போனாள். சுகிர்தக்கா தோட்டத்து வாசல்வரை போனார், உள்ளே போகக் கால் வரவில்லை. ஷைலஜா ஜெயதாஸின் கல்லறைக் காலடியில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையைத் தரையில் வைத்திருந்தாள். திரும்பிப் போகும்போது வாசலில் நின்ற சுகிர்தக்காவைத் தாண்டித்தான் போனாள், ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை, டியூப் தூக்க ஆரம்பிக்கும் முன்பே சுகிர்தக்கா லேபுக்கு வந்து கதவைச் சாத்தினார். நான் இங்கே எழுதியதையெல்லாம் அப்போதுதான் சொன்னார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். ஏழாவது டியூபில் வருவது அபூர்வம், வெயிலில் பார்த்தது வெறும் சளியாகக்கூட இருந்திருக்கலாம் என்றெல்லாம்.

"எனக்க கண்ணு எண்ணைக்காவது தப்பியிருக்கா சாரே?" என்றார்.

தப்பியதில்லை. என்னைவிட அது வேறு யாருக்குத் தெரியும்?

"உங்க புக்கில எழுதணும்" என்றார். "அவ சபையில எழுந்து நின்னு சொல்லியாச்சு. இஞ்ச மட்டும் இல்லண்ணு இருக்கண்டாம்."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து தொண்ணூற்றாறின் புத்தகத்தை எடுத்தேன். மார்ச் மாதப் பக்கம். என் கையெழுத்து, நீல மை. ஆறை அடித்து ஏழு என்று எழுதினேன். முட்டை என்ற இடத்தில் "இல்லை"யை அடித்து, மேலே வேறு சொல்லை எழுதினேன். திருத்தினால் பக்கத்தில் கையொப்பமும் தேதியும் போடவேண்டும் என்பது விதி, போட்டேன். அதை மூடாமல் டாக்டரம்மாவின் மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும், எங்கள் இரண்டு பேர் வேலையும் அத்தோடு போகலாம் என்று இருவருக்கும் தெரியும்.

"வாசியுங்க சாரே, கேக்கட்டு" என்றார் சுகிர்தக்கா.

மூன்று வருடத்துக்கு முன்பு பதினோரு எட்டுத் தூரம் கேட்கும்படி கத்தியிருக்கவேண்டிய சொல்.

"உண்டு" என்றேன்.

அவர் கை ரவிக்கையின் இடப்பக்கத்திலேயே இருந்தது.